பொங்கலன்று செத்த முகம்

போன வருஷம் ஒரே பேய்க்கதையை மூன்று தடவை எழுதினேன். மூன்றும் தேறவில்லை. நான்காவது எப்படியோ வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதையின் விஷயம் எல்லாருக்கும் பழகியதுதான். ஒரு பெண் ரீல்ஸ் போட்டுப் பேர் வாங்குகிறாள். பேர் ஏற ஏற முகத்தை மாற்றிக்கொண்டே போகிறாள். கடைசியில் ஏதோ ஆகிறது. அந்த 'ஏதோ'வில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை அவளுக்கு ஆபரேஷன் செய்து முகத்தை அழுகவைத்தேன். புழுகூட வைத்தேன், ஒளிப்பானேன். இரண்டாவதில் கண்ணாடிக்குள்ளிருந்து இன்னொருத்தி இறங்கி வந்தாள். மூன்றாவதில் அவளையே மோகினியாக்கிப் புளியமரத்தில் ஏற்றிவிட்டேன்.

மூன்றையும் படித்தவள் அக்காவின் சின்ன மகள். கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறாள். தினம் ஒரு ரீல் போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"சித்தி, மூணுலயும் கடைசியில அவளத்தான் சாவடிக்கிற. திண்ணையில உக்காந்திருக்கிற பெருசுங்க சொல்றதத்தான் நீயும் சொல்ற. அதுக்கு எதுக்குப் பேயி?"

உறைத்தது. இந்த மாதிரிக் கதைகள் நானும் நிறையப் படித்தவள்தான். அநேகமாக எல்லாவற்றிலும் தீர்ப்பு ஒன்றுதான்: அழகுக்கு ஆசைப்பட்டாயா, அனுபவி. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு 'கலர் கொஞ்சம் கம்மி' என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தக் கதையில் பயப்பட என்ன இருக்கிறது? எரிச்சல்தான் வரும். என் கதைகளே எனக்கு அப்படித்தான் இருந்தன.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில். அக்காவின் பெரிய மகள் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று அப்பாயி விடிகாலையிலேயே எழுந்து வசம்பை விளக்கில் சுட்டாள். (எனக்குத்தான் அப்பாயி. ஆனால் வீட்டில் நாலு தலைமுறைக்கும் அவள் அப்பாயிதான்.) வசம்பு என்று வாயால் சொல்லமாட்டாள், 'பேர் சொல்லாதது' என்பாள். கருகியதைச் சிரட்டையின் முதுகில் உரசி, விளக்கெண்ணெய் விட்டு விரலால் குழைத்து, குழந்தைக்கு நெற்றியில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று வைத்தாள். கன்னத்தில் வைக்கிற பொட்டு வட்டமாக இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. கொஞ்சம் கோணலாக, அசிங்கமாக இருக்க வேண்டும். பார்க்கிற கண் முதலில் அதில் போய் இடறி விழணுமாம்.

சின்னவள் குழந்தையை மடியில் போட்டு செல்ஃபி எடுத்தாள். அப்பாயியிடம் காட்டினாள். அப்பாயி போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"பொட்டு எங்கடி?"

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். கன்னத்துப் பொட்டைக் காணோம். சின்னவள் போனில் பியூட்டி மோடைக் கடைசி வரைக்கும் தள்ளி வைத்திருந்தாள். அது பொட்டை மரு என்றோ பரு என்றோ எண்ணித் துடைத்துவிட்டது. கூடவே சின்னவள் கன்னத்து அம்மைத் தழும்பையும்.

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டையில் மிச்சம் இருந்த மையை விரலில் தொட்டு, போன் கண்ணாடி மேல், குழந்தையின் கன்னம் தெரிந்த இடத்தில் வைத்தாள். எல்லாரும் சிரித்தோம். "ஐயோ என் ஸ்கிரீனு" என்று சின்னவள் போனைப் பிடுங்கி அடுத்த படத்துக்குத் தள்ளினாள். படம் நகர்ந்தது, பொட்டு நகரவில்லை. அடுத்து வந்த மாமாவின் மூக்கில் உட்கார்ந்தது. அதற்கடுத்து சாம்பார் வாளியில். இவள் விளையாட்டாக இன்ஸ்டாகிராமைத் திறந்து மேலே தள்ள ஆரம்பித்தாள். யார் யாரோ பெண்கள் ஓடினார்கள். ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி தாடை. ஒவ்வொருத்தியும் அந்தப் பொட்டுக்குக் கீழே வந்து ஒரு நொடி நின்று கன்னத்தைக் கொடுத்துவிட்டு மேலே போனாள்.

எனக்கு முதுகுத் தண்டில் ஏதோ ஊர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாயிக்கும் சின்னவளுக்கும் நடந்த பேச்சையும் சொல்லிவிடுகிறேன். "அப்பாயி, என் ரீல 42,000 பேரு பாத்திருக்காங்க" என்றாள் இவள். அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப 84,000 கண்ணா?" என்று கேட்டு, எழுந்து போய் மிளகாய், கல் உப்பு, தெருமண் எல்லாம் எடுத்து வந்துவிட்டாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு என்று வழக்கமான வரிசையைச் சொல்லிச் சுற்றினாள். அடுப்பில் போட்ட மிளகாய் கமறவில்லை. கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சின்னவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

இரண்டு பேருக்கும் கண் ஒன்றுதான். ஒருத்திக்கு அது விரட்ட வேண்டியது, இன்னொருத்திக்குக் கூட்ட வேண்டியது. புது வீட்டு வாசலில் பூசணிக்காய், கட்டுகிற வீட்டின் சாரத்தில் வைக்கோல் பொம்மை என்று, அழகான எதன் பக்கத்திலும் ஒரு அசிங்கத்தைக் காவலுக்கு நிறுத்துகிற ஊர் இது. அந்தக் காவலைத்தான் போன் கழற்றி எறிந்திருந்தது. அழுகிய முகத்தை விட இதில் எனக்குப் பயம் அதிகம்.

போனில் முகத்தை மாற்றிக் காட்டுகிற இந்த ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். படித்தால் நம் வீட்டு வாசல்தான் ஞாபகம் வருகிறது. முகத்தில் முதலில் புள்ளி வைக்கிறார்கள். புருவ முனை, உதட்டு ஓரம், மூக்கு நுனி, தாடை. கூகுளின் மீடியாபைப் என்ற நிரலில் ஒரு முகத்துக்கு 468 புள்ளி. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் முகமெல்லாம் சின்னச் சின்ன முக்கோணம். அப்புறம் புள்ளியை நகர்த்த வேண்டியதுதான். தாடைப் புள்ளிகளை உள்ளே தள்ளினால் முகம் ஒடுங்கும், கண்ணோரப் புள்ளிகளை வெளியே இழுத்தால் கண் பெரிதாகும். நடுவில் இருக்கிற தோலை மெழுகிக் கோலமாவு தூவின மாதிரி வெளுக்க வைக்கலாம். தலையை ஆட்ட ஆட்டக் கோலமும் கூடவே ஆடும்.

இதில் ஒரு வேடிக்கை, அந்த நிரலுக்கு உயிருள்ள முகம், இல்லாத முகம் என்ற பேதம் இல்லை. ஐயனார் கோயிலுக்குப் போயிருந்தபோது சின்னவள் தன் முகத்தில் ஃபில்டரை வைத்துக்கொண்டு ரீல் எடுத்தாள். திரும்பிக் கூந்தலைக் காட்டிய நேரம் ஃபில்டருக்கு அவள் முகம் கிடைக்கவில்லை. பின்னால் சுதையில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரன் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அருவா மீசைக்கு மேலே ரோஜாக் கன்னம். உருட்டி விழித்த கண்ணுக்கு நீள நீளமாக இமை மயிர். கோரைப்பல் வெளியே தெரிகிற வாயில் லிப்ஸ்டிக். மூன்று நொடி இருக்கும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தவள் அப்புறம் அதை அழித்துவிட்டாள். அன்று ராத்திரி கொல்லைப்புறம் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

செயற்கை அழகு என்றதும் போனைத் திட்டுவது சுலபம். எங்கள் குடும்பமே அந்தத் தொழிலில் சோறு தின்றது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பா கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார், கறுப்பு வெள்ளைக் காலம். சாய்வான பலகையின் நடுவில் கண்ணாடி பதித்திருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் வரும். நெகட்டிவை அதில் பொருத்தி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் டச்சப் செய்வார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, பென்சில் கரி படிந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கறுப்பைக் கறுப்பால்தான் வெளுக்கவைத்தார் மனுஷர். கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் பருவடு, கழுத்துச் சுருக்கம், எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார். ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம்.

வேலை பாதிக்கு மேல் கல்யாணத்துக்குக் கொடுக்கிற போட்டோ. ஆனால் அவருக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, முழுசாக வெளுக்கவைக்க மாட்டார். "நேர்ல பாக்க வர்றப்ப அந்தப் புள்ளதானே காப்பித் தட்ட எடுத்துட்டு வரணும்? நானா போவேன்?" இரண்டாவது, மச்சத்தைத் தொடமாட்டார். எவ்வளவு பெரிய மச்சமாக இருந்தாலும், எவ்வளவு காசு கூடக் கொடுத்தாலும் மாட்டார். அது சர்டிபிகேட்டில் எழுதின அங்க அடையாளமாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பேருக்குக் கீழே 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்றுதான் இருக்கிறது. சின்னவள் போனில் என்னைப் படம் எடுத்தால் அந்த மச்சம் விழுவதில்லை. சர்டிபிகேட்டின்படி அந்தப் படத்தில் இருப்பது நானில்லை.

என் முகத்துக்கு நானே செய்துகொண்டதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். வெளுக்கிற மருந்து, தோலை உரிக்கிற மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது என்பது பிற்பாடு தெரிந்த சேதி. மூன்றே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. ஊரே கேட்டது. நிறுத்தின நாலாம் நாள் முகம் சிவந்து மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. திரும்பப் பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். வெயிலில் தலை காட்ட முடியாது. கன்னத் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு இழை இழையாகத் தெரிந்தது. தாடையில் ரோமம் வேறு. தோல் டாக்டரிடம் போய் மீள இரண்டு வருஷம் ஆயிற்று. 2018இல்தான் ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். இன்றைக்கும் கேட்டால் கொடுக்கிற கடை இருக்கிறது. இதை அப்படியே கதையாக எழுதலாமே என்று ஒரு தோழி சொன்னாள். முடியவில்லை. எரிச்சல் எழுத்தில் வருகிறது, அந்த மூன்று வாரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது வரவில்லை. அது வராவிட்டால் கதை பொய்.

ஸ்டுடியோவைத் தாண்டி மேற்கே, சாமி சிலை வார்க்கிற சுவாமிமலையில், முகம் செய்கிற வேலையை ஆயிரம் வருஷத்துக் கைப்பழக்கமாகச் செய்கிறார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுத்து, அம்மனின் முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று மெழுகில் செய்கிறார்கள். மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த நேரத்தில் மண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது, இடுப்பு வளைவு இருக்கிறது. உலோகத்தை ஊற்றி ஆறின பிறகு மண்ணை உடைத்துவிடுவார்கள். ஒரு அச்சுக்கு ஒரு முகம்தான். சின்னவள் காட்டுகிற பெண்கள் எல்லாரும் அக்கா தங்கச்சி மாதிரி இருப்பதற்குக் காரணம், அங்கே அச்சை யாரும் உடைப்பதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

2025 ஜனவரி 14. பொங்கல். பால் பொங்கிக்கொண்டிருக்கிறது, சின்னவள் பாவாடை தாவணியில் கரும்புக்குப் பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்ஸ்டாகிராமில் வெளியார் செய்து போட்டிருந்த ஃபில்டர்களை எல்லாம் அந்தத் தேதியோடு அதன் சொந்தக்காரக் கம்பெனி மெட்டா எடுத்துவிட்டது. நாலரை மாதத்துக்கு முன்பே அறிவித்ததுதான், இவள் கவனிக்கவில்லை. கம்பெனியின் சொந்த ஃபில்டர்கள் மட்டும் இருந்தன. இவள் மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த முகம் இல்லை.

இதற்கு முன்னாலும் ஒரு சாவு பார்த்திருக்கிறோம். 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கைத் தடை செய்தபோது குறுவை நடவு நேரம். மறுநாள் நாற்றுக்கட்டு தூக்கிப் போன பெண்கள் இழவு விசாரிக்கிற குரலில்தான் பேசிக்கொண்டார்கள். அப்போது போனது கடை. கருமாதிக்குள் ரீல்ஸ் வந்துவிட்டது, எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனார்கள். இந்தப் பொங்கலில் போனது முகம். பழைய ரீல்ஸில் மட்டும் அது அப்படியே இருக்கிறது, சிரிக்கிறது, கண்ணடிக்கிறது. செத்தவர்கள் படத்தில் சிரிக்கிற மாதிரி.

சின்னவள் அன்று பொங்கல் சாப்பிடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாள்? 'என் மூஞ்சி செத்துப்போச்சு' என்றா?

அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் பிடி கிடைத்தது. யார் பேயாக வருவார்கள் என்று நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். பாவம் செய்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆசை தீராமல், நாள் முடியாமல், அகாலத்தில் போனவர்கள்தான் வருவார்கள். நான் மூன்று தடவையும் பெண்ணைப் பேயாக்கிக்கொண்டிருந்தேன். பேய் அவளில்லை. ஆயிரம் ஆயிரம் பேர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துர்மரணம் அடைந்தது அந்த முகம். அதற்குத்தான் ஆசை தீரவில்லை.

இங்கே காரைக்காலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் வாசலில் ஓடுகிற அரசலாறு அங்கே போய்த்தான் கடலில் விழுகிறது. ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியில் வரும்போது மாடிமாடியாக நின்று மாம்பழம் இறைப்பார்கள். சின்ன வயதில் முந்தானையை விரித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த ஊர்ப் புனிதவதி, காரைக்கால் அம்மையார் என்று கும்பிடுகிறோமே அவள்தான், வணிகர் வீட்டுப் பெண், அழகி. புருஷன் அவளைத் தெய்வப்பிறவி என்று பயந்து விட்டுப் போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்கு இவள் பேரையே வைத்து, தேடிப் போனபோது காலில் விழுந்து கும்பிட்டான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அந்தச் சதையை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் பாட்டில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொண்டாள். சோழர் காலச் செப்புச் சிலையில் வற்றிய மார்பும் எண்ணலாம் போன்ற விலா எலும்புமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் என்ன ஒரு சிரிப்பு!

சின்ன வயதிலிருந்து ஒரு கேள்வி எனக்கு உண்டு. அவள் உதறிய சதை எங்கே போயிற்று? பேய் கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போய்விட்டது. அந்த வனப்பு? அது யார் மேல் போய் ஏறியது? பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கதை எழுதுகிறவள் இப்படித்தான் கேட்பாள்.

நான்காவது கதையில் அந்தக் கேள்வியைத்தான் வைத்தேன். பொங்கலன்று ஒரு முகம் சாகிறது. அதைப் போட்டுக்கொண்டிருந்த பெண் சொந்த முகத்தோடு ரீல் போடுகிறாள், யாரும் பார்ப்பதில்லை. ஆடிப்பெருக்கு வருகிறது. படித்துறையில் காதோலை கருகமணி விடக் கூட்டம். ஆறு நிறையப் புதுத்தண்ணீர், செம்மண் கலங்கல், குனிந்தால் முகம் தெரியாது. அவள் போனுக்கு ஒரு ரீல் வருகிறது. இதே படித்துறை, இதே காலை. அதில் அந்த முகம். உடம்பு பக்கத்து வீட்டு அக்காவுடையது. நிமிர்ந்து பார்த்தால் அந்த அக்கா மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாக நிற்கிறாள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி மேல். அப்புறம் டீச்சர் மேல். வீடு வீடாக வருகிறது.

உடுக்கைக்காரரைக் கூட்டி வருகிறார்கள். அவர் வழக்கமான மூன்று கேள்வி கேட்கிறார்: நீ யாரு, எந்த ஊரு, எப்படிச் செத்த? பேய் பதில் சொல்லமாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலே கிடையாது. பேர் இல்லை, ஊர் இல்லை, எரித்த இடம் இல்லை. எந்த நாட்டிலோ எவரோ 468 புள்ளி வைத்துப் போட்ட கோலம் அது. தேதி மட்டும் தெரியும், ஆனால் பொங்கலன்று யார் திதி கொடுப்பார்கள்? "இதுக்கு என்னதாம்மா வேணும்?" என்று அவர் இந்தப் பெண்ணிடமே திருப்பிக் கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தில் அவள் வீட்டுக்கு வருகிறாள். அடுப்படியில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். திரும்புகிறாள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணைச் சுற்றிக் கருவளையம் இல்லை, மூக்குத்தி போட்ட பக்கத்துத் தழும்பு இல்லை. கையில் வேர்வை, கழுத்தில் வேர்வை, முகத்தில் மட்டும் இல்லை. இவளுக்குக் கத்த வேண்டும். கத்த வாய் வரவில்லை, ஏனென்றால் அம்மா இவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததேயில்லை. "என்னடி அப்பிடிப் பாக்குற?" என்கிறாள் அம்மா. இவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

எழுதி முடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. கதையைச் சின்னவளுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் போனைப் பார்த்தால் அவளிடமிருந்து ஒரே ஒரு வரி, விடிகாலை மூன்றே காலுக்கு அனுப்பியது.

"நெசமாவே திரும்பி வருமா சித்தி?"

எதை எழுதினாலும் நாலு சிரிப்புப் பொம்மை சேர்த்து அனுப்புகிறவள். இதில் ஒன்றுகூட இல்லை.